நீலச் சுவரில் ஒரு சுவிட்ச்

வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போறோம்னு அப்பா சொன்னதுமே ஷேட் கார்டைப் பிடுங்கிக்கிட்டேன். எனக்குப் பிடிச்சது அடர் நீலம், நள்ளிரவு வானம் மாதிரி. அப்பாவுக்கோ வழக்கம்போல வார்ம் வொயிட், அதாவது வெள்ளையில் துளி மஞ்சள் கலந்த நிறம். “ரூம்ல பாட்டியும் இருக்காங்கடா, இருட்டடிச்சிடும்” என்றார்.

அவர் சும்மா சொல்லவில்லை. சில ஷேட் கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வரும் என்பதுதான் அது. வார்ம் வொயிட்டுக்கு 80 பக்கம் வரும். அடர் நீலத்துக்கு 10கூட தேறாது, மீதியைச் சுவரே விழுங்கிடும். எங்க ரூமுக்கு இருப்பதோ ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. கணக்குப்படி நான் தோத்துட்டேன்.

ஆனாலும் பெயின்டர் அண்ணன் காலையில் கதவோரமா ரெண்டையும் கொஞ்சம் அடிச்சுக் காட்டினார். நீலம் சுவிட்ச் போர்டைச் சுற்றி அமைந்தது தற்செயல்தான். சாயங்காலம் பாட்டி உள்ளே வந்து, சுவரைத் தடவாமல், நேரா கையை நீட்டி லைட்டைப் போட்டாங்க. கண்ணில் புரை முத்தினதிலிருந்து வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டைத் தடவித் தடவித்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. நாங்க யாரும் கவனிச்சதே இல்லை. இத்தனைக்கும் நான் அதே ரூமில்தான் தூங்குறேன்.

கடைசியில் மூணு சுவர் வார்ம் வொயிட், கதவுப் பக்கச் சுவர் மட்டும் நீலம். அது மூணு கோட் வாங்கிச்சு. பட்டி பார்த்த மேடு பள்ளமெல்லாம் தெரியுதுன்னு அப்பா இன்னும் புலம்புறார். பாட்டி அதை “கறுப்புச் செவுரு”ன்னுதான் சொல்றாங்க.