பட்டியலில் கேரம் இருந்தது

அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இன்ஜினியரிங் விண்ணப்பங்களை நிரப்புகிற வேலை என் தலையில். ஒரு தனியார் கல்லூரியின் படிவத்தில் ‘விளையாட்டில் சாதனை’ என்று ஒரு கட்டம். தேறினால் கட்டணச் சலுகை. சொடுக்கினால் பட்டியல் விரிகிறது. கபடி, கைப்பந்து, கேரம், சதுரங்கம், யோகாசனம், கடைசியில் ‘இல்லை’.

“மாமா, பரதம் இல்லையா?”

இல்லை. ‘மற்றவை’ என்றுகூட ஒன்று வைக்கவில்லை. எழுதியவன் சோம்பேறி. அந்த இனம் எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

அஞ்சு வயசில் தட்டடவு ஆரம்பித்தவள், பன்னிரண்டு வருஷம் ஆடியிருக்கிறாள். அரைமண்டியில் உட்கார்ந்து மூன்று காலத்திலும் நாட்டடவு போட்டுப் பாருங்கள், தொடை நடுங்கும். வர்ணம் என்றால் அரைமணிக்கு மேல் போகும். நடுவில் தண்ணீர் இடைவேளை கிடையாது, வலி முகத்தில் தெரியவும் கூடாது. கேரம் விளையாட்டு, இது இல்லையா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

கோபத்துக்குச் சாட்சிகளும் கிடைத்தன. யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக மத்திய அரசு 2020 டிசம்பரில் அங்கீகரித்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பிரேக்கிங் நடனத்துக்குப் பதக்கமே கொடுத்தார்கள். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவளும் ஆடியவள்தான்; கல்யாணத்தோடு நின்றது.

“மார்க் போட ஆரம்பிச்சா எல்லாரும் காலத் தூக்கத்தான்டா கத்துக்குவாங்க. கண்ணால ஆடறத யாரு எண்ணுவா?”

பாரிஸில் ஒன்பது நடுவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ரேகன் ஆடிய மூன்று போட்டிகளிலும் ஒரு ஓட்டுகூட விழவில்லை. கூட்டிப் பார்த்தால் 54-0. உலகமே மீம் போட்டுச் சிரித்தது, நானும் ரெண்டு ஃபார்வர்டு பண்ணினேன். அந்தக் கங்காரு குதியலில் அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று யோசிக்கவே தோன்றவில்லை. ஸ்கோர் வந்துவிட்டதே.

அக்கா சொன்னதைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. என் ஹாஸ்டல் அறைத் தோழன் கபடியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன். கூலி வேலை பார்க்கிற அப்பா. பள்ளிக்கூட மைதானத்தில் கோடு கிழித்து, வெறுங்காலோடு ஆடி வாங்கிய சான்றிதழ் அவனுடையது. எங்கள் பெண்ணின் அரங்கேற்றத்துக்கோ மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, நகை, சாப்பாடு என்று லட்சங்கள் கரைந்தன. அந்த ஒதுக்கீட்டுக்குள் பரதத்தைக் கொண்டுபோய் வைத்தால் யாருடைய நாற்காலியில் போய் உட்காருவோம்? நான் கேட்ட நியாயம் எங்கள் தெருவுக்கான நியாயம் மட்டும்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அதற்காக ஆட்டத்தைக் கணக்கிலேயே எடுக்காதே என்று சொல்ல மனசு வரவில்லை. தில்லிப் பல்கலைக்கழகம் விளையாட்டுக்கும் நடனம், இசை போன்றவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 5 சதவீதத்துக்குள். அது மாதிரி நம்மூரிலும் கலைக்கென்று தனிக் கட்டம் வேண்டும். கரகமும் ஒயிலும் பறையும் அதற்குள் வரவேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. ஜெயிப்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். அரங்கேற்ற அழைப்பிதழ் அச்சடிக்க வழியில்லாத பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் உதவட்டும்.

இதைப் பெரிய தீர்ப்பு மாதிரி சொல்லி முடித்தேன். மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தக் கட்டம் வர்றதுக்குள்ள நான் டிகிரியே முடிச்சிருவேன். இந்த ஃபார்ம்ல என்ன போட? இவ்ளோ வருஷம் நான் பண்ணது என்ன மாமா, டைம்பாஸா?”

எனக்குப் பதில் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. ரெண்டு தடவை முயன்றுவிட்டு அவளே ‘இல்லை’யைத் தேர்ந்தெடுத்தாள்.

“அந்தக் கணுக்கால் இன்னும் வீங்கியிருக்கு பாரு,” என்று அக்கா ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வந்தாள்.