ஈரல் கொழுத்தல்

ஹங்கேரிய மொழியில் முகஸ்துதி செய்வதற்கு 'ஹீஸெலெக்' என்றொரு வினை உண்டு. அகராதியை வைத்துக்கொண்டு அந்த மொழியில் தட்டுத் தடுமாறுகிற எனக்கு, அதன் வேர் ஒரு இலக்கிய விமர்சனமாகவே பட்டது. 'ஹீஸிக்' என்றால் கொழுத்தல், சதை போடுதல். அதிலிருந்து கிளைத்த சொல் இது. புகழ்ச்சியில் பூரித்துப் போகிறவனைப் பற்றி அங்கே 'அவன் ஈரல் கொழுக்கிறது' என்பார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாத்து ஞாபகம் வருகிறது. ஹங்கேரி வாத்து ஈரலுக்குப் பேர்போன நாடு. தொண்டைக்குள் குழாயைச் செருகி மக்காச்சோளத்தைத் திணிக்கிறார்கள். சில வாரங்களில் ஈரல் பல மடங்கு பருத்துவிடும். வாத்துக்கு அது நோய், விற்கிறவனுக்குச் சரக்கு.

பூனை காலை உரசிக் குழைவதற்கும் இதே வினைதான். இலக்கணத்திலும் ஒரு சூட்சுமம்: புகழப்படுகிறவன் இதற்குச் செயப்படுபொருள் ஆவதில்லை, நான்காம் வேற்றுமை ஏற்கிறான். 'அவனுக்கு' முகஸ்துதி. நம் நன்னூல் நான்காம் வேற்றுமைப் பொருள்களை அடுக்கும்போது கொடையையும் பகையையும் அடுத்தடுத்தே வைக்கிறது. வங்கியில் நாள் முழுக்கப் பற்று வரவு எழுதுகிறவனுக்கு இது எளிதில் விளங்கும். புகழுரை ஒருவன் பேரில் வரவு, லாபம் இன்னொருவனுக்கு.

சிறுபத்திரிகைகளில் நாம் எழுதிக்கொள்கிற மதிப்புரைகளைத்தான் சொல்கிறேன். எழுதுகிறவனும் எழுதப்படுகிறவனும் ஒரே மேஜையில் காபி குடிக்கிறவர்கள். புடாபெஸ்டிலும் அப்படித்தான் இருந்தது. 1908 முதல் 1941 வரை வந்த 'நியுகாத்' பத்திரிகையைச் சுற்றி ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்துக்குள்ளிருந்தே ஃப்ரிஜெஷ் கரிந்தி 1912இல் 'இப்படித்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்' என்ற புத்தகத்தைப் போட்டார். அதி, பாபிச், கொஸ்தொலானி என்று சக கவிஞர்களின் நடையை ஒவ்வொன்றாக எடுத்துப் போலி செய்த நூல். கொஸ்தொலானி அவருடைய நெருங்கிய சிநேகிதர்.

ஒருவனைப் போலி செய்ய, அவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறான், எந்தச் சொல்லை மறுபடி மறுபடி நம்புகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். புகழ்வதற்கு அட்டை போதும். நம் மதிப்புரைகளில் நான் காண்கிற குறை இதுதான்: தாராளம் அதிகம், வாசிப்பு குறைவு.

இரண்டு நண்பர்களின் தொகுதிகள் மதிப்புரைக்கு வந்திருக்கின்றன. எந்தக் கவிதை எந்த வரியில் தளர்கிறது என்று குறிப்பிட்டே எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்வார்கள். படித்திருக்கிறான் என்றாவது தெரியும்.