கோபம் யார் 'மேல்'?

"ஐ யம் ஆங்க்ரி ஆன் யூ." புதுச்சேரிக் கல்லூரிகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. உடனே பக்கத்தில் யாராவது சிரிப்பார்கள், 'கிராமர் தெரியலை' என்று. உண்மையில் சொன்னவருக்கு இலக்கணம் நன்றாகவே தெரியும். என்ன, அது தமிழ் இலக்கணம் :)

தமிழில் கோபம் ஒருவர் 'மேல்' வரும். அதனால்தான் 'ஆன்'. ஆங்கிலத்தில் அது 'வித்'. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறும் வரை இங்கே கோலோச்சிய பிரெஞ்சில் 'கோந்த்ர்', அதாவது 'எதிராக'. கோபம் ஒன்றுதான். மூன்று மொழியும் மூன்று திசையில் நிறுத்துகின்றன. எது நியாயம் என்று கேட்டால்? பழக்கம், அவ்வளவுதான்!

'குட் இன் மேத்ஸ்' என்பதும் இப்படித்தான். 'கணக்கில் கெட்டி' என்கிறது தமிழ். பிரெஞ்சிலும் 'இல்' என்பதற்கான சொல்லே வரும். ஆங்கிலம் மட்டும் 'அட்' கேட்கும். 'அவரோடு கல்யாணம்' என்பதால் 'மேரீட் வித்' வந்து விழுகிறது. ஆங்கிலத்துக்கு வேண்டியது 'டு'.

அப்படியானால் எதைப் போட்டாலும் சரியா? இல்லை. சில இடங்களில் அர்த்தமே மாறிவிடும். பி.காம் மாணவர்களுக்குத் தெரிந்த 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி, கடன் கொடுத்தவருக்கு 'லையபிள் டு'. அந்தக் கடனுக்கு 'லையபிள் ஃபார்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கு' உருபு. குழப்பம் பிறக்கும் இடம் அதுதான். 'ரெஸ்பான்சிபிள்' கதையும் இதே. அரசியல் சட்டத்தின் 75-வது பிரிவில் அமைச்சரவை மக்களவைக்கு 'ரெஸ்பான்சிபிள் டு'. அங்கே 'ஃபார்' போட்டால், மக்களவை செய்வதற்கெல்லாம் அமைச்சர்கள் பொறுப்பு என்றாகிவிடும்!

வழி? விதி தேடுவதில் பயனில்லை. அட்ஜெக்டிவையும் ப்ரிபொசிஷனையும் ஒரே சொல்லாக நோட்டில் எழுதிவைப்பது நல்லது: அஃப்ரெய்ட் ஆஃப், ஸிமிலர் டு, டிஃபரென்ட் ஃப்ரம், இன்ட்டரெஸ்டட் இன், எலிஜிபிள் ஃபார், என்டைட்டில்ட் டு. பிரித்து எழுதினால் மறந்துவிடும்.

இன்னொன்று. தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் 'நான் பசிக்கிறேன்' என்றால் இந்த ஊர் அவருக்கு இட்லி வைக்கும். மெல்லத் திருத்தியும் விடும். தமிழ்வழியில் படித்து வந்த பையன் 'ஆங்க்ரி ஆன்' என்றால் மட்டும் வகுப்பே சிரிக்கிறது. அப்புறம் அவன் வாயைத் திறப்பதில்லை. தப்பான ப்ரிபொசிஷனை ஒரே நாளில் திருத்திவிடலாம். மூடிய வாயைத் திறக்க எத்தனை நாள் ஆகுமோ?