முளையும் விளைவும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது காவேரிக் கரையில் அடிக்கடி காதில் விழும் வாக்கு. பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் கோஷ்டிக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும்போதெல்லாம் நம்மிடமும் இதைச் சொல்வார்கள். முதல் ஆட்டத்தில் சைபர் வாங்கிய பையனை நீக்கிவிடும்படி யோசனை கூறுவார்கள். நாம் இணங்குவதில்லை.

1988-ல் சென்னைச் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தமது முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சுழற்பந்துக்கு வெகு அநுகூலமான ஆடுகளம் அது. பின்னர், 17 பந்தயங்களிலுமாக அவர் பெற்ற மொத்தம் 66 தான். பிராட்மனோ 1928-ல் தமது முதல் டெஸ்டில் எடுத்தவை 18-ம் 1-ம். அடுத்த பந்தயத்தில் அவருக்கு இடமே இல்லை. முடிவில் அவருடைய சராசரி 99.94! நம் அசுவின் 2011-ல் 9 விக்கெட்டுகளுடன் தொடங்கி, 2024-ல் 537-உடன் விடைபெற்றார். பழமொழி சில சமயம் பலிக்கவும் செய்கிறது.

முதற் கணக்கில் ஆட்டக்காரனின் பங்கோடு மண்ணின் பங்கும் அதிர்ஷ்டத்தின் பங்கும் கலந்திருக்கின்றன. உரமிட்ட நாற்றங்காலில் எந்த நாற்றும் செழிக்கும். பறித்து நட்ட வயலில் வேர் பிடிக்கிறதா என்பதே கேள்வி. ஆகவே, சைபர் வாங்கியவன் மறுநாள் காலை பயிற்சிக்கு வருகிறானா என்றுதான் நாம் பார்க்கிறோம். வந்தால், அவனைப் பதரென்று தூற்றாமல் ஒரு போகமாவது பொறுத்திருப்போமே!