மூக்கு உள்ளவன் பிழைப்பான்!

லட்சுமணன் சூர்ப்பனகையின் மூக்கை அறுத்தது எங்கே தெரியுமா? நாசிக்கில் என்கிறார்கள். 'நாசிகா' என்றால் மூக்கு. அதிலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது என்று பஞ்சவடி ஆட்டோக்காரர் வரை சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் இரண்டு நாட்கள், ஒயின் கிளாஸுக்குள் மூக்கை விட்டபடி உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நட்புக்காக!

என்னோடு பி.காம். படித்த நண்பன், புனேயில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ரெஸ்டாரென்ட் திறக்கக் கிளம்பிவிட்டான். ("என் பேரை எழுதித் தொலைக்காதேடா!" என்று கெஞ்சியதால், இனி அவன் 'ஓனர்'.) மனைவி மராட்டியப் பெண். கோலாப்பூர் மட்டனும் மால்வணி மீன் குழம்பும் அவர் கைப்பக்குவம். பி.எஃப். பணம் மொத்தமும் உள்ளே போயாச்சு. மனைவியின் வளையல்கள் பேங்க்கில் நகைக்கடனாகத் தூங்குகின்றன.

"ஒயின் லிஸ்ட் போடணும்டா. நாசிக் போய் ருசி பார்த்து செலக்ட் பண்றோம். கணக்குப் பார்க்க நீ வா!" என்றான் போனில்.

ஓசியில் ஒயின், கூடவே கணக்கு! காமர்ஸ் படித்ததன் பலனை அன்றைக்குத்தான் கண்டேன்.

புனேயிலிருந்து சுமார் 210 கிலோமீட்டர். பிப்ரவரி மாதம். ஊரைத் தாண்டி கங்காபூர் அணைப் பக்கம் போனால், ஒரு பக்கம் கோதாவரித் தண்ணீர், மறுபக்கம் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 அடி உயரம் என்பதால் பகலில் வெயில் காய்ந்தாலும் ராத்திரி ஸ்வெட்டர் தேடுகிறது. திராட்சைக்கு அதுதான் வேண்டுமாம்.

ஓனரின் மனைவி பிறந்தது பக்கத்தில் நிபாடில். அப்பா திராட்சை விவசாயி. "பாவோஜி, ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கும். இங்கே அதுக்குத் தூக்கமே கிடையாது. அதனால் ஏப்ரலில் ஒருதரம், மழை முடிந்ததும் ஒருதரம், ரெண்டு தடவை கவாத்து பண்ணுவோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை" என்றார். ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார். சின்னது, தடித்த தோல், உள்ளே கொட்டை. நாம் வாங்கித் தின்கிற விதையில்லா திராட்சை வேறு, ஒயின் திராட்சை வேறு!

இங்கே சூலா கம்பெனி முதல் பாட்டிலை விற்றது 2000-ல். ஆரம்பித்த ராஜீவ் சமந்த், அம்மா சுலபாவின் பெயரிலிருந்து பெயர் வைத்தார். 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட, ஆலைகள் முளைத்தன. 2022 டிசம்பரில் சூலா பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அம்மா பெயர் வைத்தவன் கெட்டதில்லை!

முதல் ஆலை. ருசி பார்க்கும் அறையில் ஆறு கிளாஸ், நடுவே ஒரு பாத்திரம். சுழற்று, முகர்ந்து பார், ஒரு வாய் வை, கொப்பளி, பாத்திரத்தில் துப்பு. இதுதான் முறை.

துப்பணுமா? நான் வளர்ந்த வீட்டில் சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்க விடமாட்டார்கள். விழுங்கினேன். நாலாவது கிளாஸில் என் நோட்டில் ஏழும் எட்டும் பதினெட்டு ஆனது. அப்புறம் நானும் துப்ப ஆரம்பித்தேன்.

ஓனரின் திட்டம் நாற்பது வகை. "லிஸ்ட்டைப் பார்த்ததும் கஸ்டமர் அசந்துடணும்!" கணக்குப் போட்டேன். வகைக்கு 6 பாட்டில், மொத்தம் 240. சராசரி ஆயிரம் ரூபாய் என்றால் 2,40,000 ரூபாய் அலமாரியில் படுத்துத் தூங்கும். திறந்த பாட்டில் இரண்டு மூன்று நாளில் சுவை கெடும். ஒரு பாட்டில் 750 மில்லி, ஐந்து கிளாஸ். ரெண்டு கிளாஸ் விற்று மிச்சத்தைக் கொட்டினால் என்ன லாபம்?

சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தில் இருந்த கனவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பணம் அவனுடையது. ஆனால், வளையல்?

தீர்த்துவைத்தது டிபன் கேரியர். மறுநாள் ஓட்டல் அறையில் அவர் மட்டன் குழம்பையும் மீன் குழம்பையும் திறந்தார். அஞ்சு பாட்டில்களை மராத்தி பேப்பரில் சுற்றி, நம்பர் போட்டார். அதில் ஒன்று ஓனர் பெருமையாக வாங்கி வந்த ஃபிரெஞ்சு சிவப்பு ஒயின். கப்பல் ஏறி வந்ததில் விலையும் ஏறியிருந்தது.

ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் ஒயின். 3-ம் நம்பரைக் குடித்ததும் ஓனர் அலறினான். "நாக்கு எரியுதுடா!" நீண்ட நேரம் கொதித்த டீ மாதிரி துவர்ப்பு. திராட்சைத் தோலும் கொட்டையும் கொடுக்கிற அந்தத் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும். 1-ம் நம்பர் லேசான இனிப்பு, ஜில்லென்று இருந்தது, காரத்தை அடக்கியது. எல்லாருமே அதற்கு முதல் மார்க்.

பேப்பரைப் பிரித்தோம். 3, ஃபிரெஞ்சு. 1, இருப்பதிலேயே விலை குறைந்த நாசிக் ஷெனின் பிளாங்க்!

ஓனர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உனக்கு நேத்தே தெரியுமில்ல? ஏண்டா சொல்லலை?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. நோட்டைத் திறந்து 2,40,000-ஐக் காட்டினேன். அவன் பேனாவை வாங்கி நாற்பதை அடித்து, பத்து என்று எழுதினான். ஆறு வெள்ளை, மூன்று சிவப்பு, பிறந்தநாள் கோஷ்டிகளுக்காக நுரைக்கிற ஒயின் ஒன்று. அறுபது பாட்டில், அறுபதாயிரம்.

"சிவப்பையும் அரை மணி பிரிட்ஜில் வெச்சுத்தான் கொடுக்கணும்" என்றார் அவர். 'அறை வெப்பம்' என்று புத்தகத்தில் போட்டிருப்பது ஐரோப்பிய அறையாம். புனே மே மாதத்து அறை அல்ல!

ரெஸ்டாரென்ட் திறந்தபோது போயிருந்தேன். லிஸ்ட் ஒரே பக்கம். யாரும் அசரவில்லை, ஆனால் ஆர்டர் செய்தார்கள். எனக்கு ஊற்ற வந்த கையில் வளையல் சத்தம் கேட்டது.

"மீதி 1,80,000 எங்கே போச்சுன்னு கணக்கு கேட்க மாட்டியா?" என்றான் ஓனர்.

கேட்கவில்லை. கிளாஸில் மூக்கை விட்டேன்.