அறுநூற்றிருபத்தைந்து வரிகள்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று கேட்டபோது, தமிழாசிரியனாதலின் கம்பனையோ வள்ளுவரையோ பற்றி எழுதுவான் என்றே எண்ணியிருப்பர். யாம் எழுதப் புகுந்ததோ ஓர் எண்ணைப் பற்றி. அவ்வெண் 625. கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

2002 ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்பட்டுச் சில மாதங்கள் சென்றபின், ரொரன்ரோவில் வாழும் எம் தமையனாரின் திருமண ஒளிப்பதிவு நாடா, ஊருக்கு வந்த அன்பர் ஒருவர் கைவழியாக எம் இல்லத்தை அடைந்தது. திருமணம் நிறைவேறி இரண்டாண்டுகள் கடந்திருந்தன. மூத்த மகன் மணவறையில் இருந்த கோலத்தை எம் அன்னையார் ஒரு நிழற்படத்தில் மட்டுமே கண்டிருந்தார். கிளிநொச்சியில் அந்நாளில் எமது வீட்டுக்கு மின்னிணைப்பு இல்லை. அயல்வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, வாடகைக்கு எடுத்த டெக், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றர் ஆகியன முற்றத்திற்கு வந்தன. பாய் விரித்தாயிற்று. அன்னையார் மாலையிலேயே தோய்ந்து, திருநீறணிந்து, கோயிலுக்குடுக்கும் சேலையை உடுத்து முன்னிருந்தார்.

நாடா ஓடிற்று; படம் வரவில்லை. திரையிலே கோடுகள் கிழிந்து கிழிந்து ஓடின. தோளோ மாலையோ என ஐயுறத்தக்க நிழலொன்று அவற்றினிடையே தோன்றி மறைந்தது. ஒலி மட்டும் வந்தது. அதுவும் இயல்பாக வரவில்லை. நாதசுரம் சங்கைப்போல முழங்கிற்று. தமையனார் யாரையோ வரவேற்றுப் பேசிய சொற்கள் இழுபட்டுக் கனத்து, படுக்கையிற் கிடப்பவன் பேச்சாகக் கேட்டன. இளைஞர் சிலர் டெக்கைத் திறந்து துடைத்தனர். நாடாவைச் சுற்றிப் பார்த்தனர். பயனில்லை. சனங்கள் ஒவ்வொருவராக எழுந்து சென்றனர்.

அன்னையார் எழவில்லை. “தம்பி, அவன்ரை குரல் ஏன் இப்பிடித் தடிச்சுப் போச்சு? வருத்தமோ? எனக்குச் சொல்லாமல் மறைக்கிறியளோ?” என்று கேட்டார். யாம் மறுத்தோம், அவர் நம்பவில்லை. அவ்விரவு முழுதும் அவர் உறங்காதிருந்ததை யாம் அறிவோம்.

மறுநாள் வானொலி திருத்தும் பெரியவர் ஒருவரிடம் நாடாவைக் கொண்டு சென்றோம். அவர் அதன் முதுகைப் பார்த்த மாத்திரத்தே, “இது என்.ரி.எஸ்.சி. தம்பி. எங்கடை பெட்டி பால்” என்றார். பால் என்றதும் எமக்கு ஆண்பால், பெண்பால் முதலிய ஐம்பாலுமே நினைவுக்கு வந்தன. அப்பெரியவர் சிரித்துக்கொண்டே விளக்கத் தொடங்கினார். அன்று அவரிடங் கேட்டதும், பின்னர் ஆவல் மேலிட்டு நூல்களிற் கற்றதுமே ஈண்டு யாம் உரைப்பன.

தொலைக்காட்சிப் படம் ஒரே வீச்சில் வருவதன்று. மாணவன் கொப்பியில் எழுதுவதுபோல, ஒரு கதிர் இடமிருந்து வலமாக வரிவரியாக எழுதிச் செல்கின்றது. எத்தனை வரி, வினாடிக்கு எத்தனை படம் என்பவற்றை அனுப்புவோரும் பெறுவோரும் முன்னரே பொருந்தியிருத்தல் வேண்டும். இஃது ஒருவகையில் யாப்பேயாம். வெண்பாவை எடுத்து விருத்தத்தின் ஓசையிற் பாடப் புகுந்தால் எழுத்தெல்லாம் இருக்கும், பாட்டு இராது. எம் முற்றத்தில் நிகழ்ந்தது இதுவே.

இவ்வரிக் கணக்குத் தொடங்கியது மிகச் சிறிதாக. 1926 தை 26 ஆந் திகதி இலண்டனிலே ஜோன் லோகி பெயாட் அறிஞர் சிலர்க்குக் காட்டிய படத்தில் இருந்தவை 30 வரிகளே. 1936 கார்த்திகையில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது, பெயாட்டின் 240 வரி முறையும் மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தாரின் 405 வரி முறையும் வாரம் மாறி வாரம் ஒளிபரப்பப்பட்டன. சில மாதங்களிலேயே பெயாட்டின் முறை கைவிடப்பட்டது. முதலில் வழி காட்டியவர் வாயிலில் நின்றுவிட, பின்வந்தோர் உட்புகுந்தனர். அந்த 405 வரி ஒளிபரப்பு 1985 ஆம் ஆண்டு வரை நிலைத்தது.

405, 525, 625 என்னும் எண்கள் ஏன் இத்துணை விந்தையாயின? இவ்வினா எம்மை நெடுநாள் வருத்திற்று. விடை அழகியது. படம் இரு பாதிகளாக, ஒற்றை வரிகள் ஒரு முறையும் இரட்டை வரிகள் மறுமுறையுமாக எழுதப்படுகின்றது. இரு பாதிகளும் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று பொருந்துதற்கு, ஒவ்வொரு பாதியும் அரை வரியோடு முடிதல் நன்று. ஆதலின் மொத்தம் ஒற்றைப்படை எண்ணாதல் வேண்டும். அக்காலத்து வால்வுகளாலாகிய சுற்றுக்கள் 3, 5, 7 போன்ற சிற்றெண்களாலேயே பிழையின்றி வகுக்கவல்லன. 405 என்பது நான்கு மூன்றுகளும் ஓர் ஐந்தும் பெருக்கியது. 525 என்பது மூன்று, ஐந்து, ஐந்து, ஏழு. 625 என்பது நான்கு ஐந்துகள். சீர் பிரிப்பதுபோலப் பிரித்துப் பார்த்து யாம் மகிழ்ந்ததுண்டு.

மற்றைக் காரணம் வீட்டு மின்சாரம். அமெரிக்காவில் மின்னோட்டம் வினாடிக்கு 60 தரம் மாறும். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 50 தரம். பழைய பெட்டிகளில் மின்சாரத்தின் அதிர்வு படத்தில் நிழலாகப் படியும். இரண்டும் ஒரே எண்ணாயின் அந்நிழல் அசையாது நிற்கும். வேறாயின் திரையில் ஊர்ந்து திரியும். ஆதலின் அமெரிக்கர் 1941 இல் 525 வரியும் 60 பாதிப்படமும் கொண்டனர். ஐரோப்பியருட் பலர் 625 வரியும் 50 பாதிப்படமும் கொண்டனர். பிரெஞ்சுக்காரர் மட்டும் 819 வரியென்று தனிவழி நடந்து, பின்னர் 625 க்கு வந்தபோதும் வண்ணத்துக்குத் தமக்கெனச் செக்காம் என்னும் முறையை வைத்துக்கொண்டனர். ஜேர்மனியின் வால்ற்றர் புரூக் என்பார் 1960 களின் தொடக்கத்தில் வகுத்த வண்ண முறையே பால். பாரிசிலிருந்து எம் உறவினர் ஒருவர் அனுப்பிய நாடாவில் மணப்பெண்ணின் கூறைச்சேலை சாம்பல் நிறமாகத் தெரிந்ததன் மருமமும் இவ்வாறு விளங்கிற்று. வரிகள் பொருந்தின, வண்ணம் பொருந்தவில்லை.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 சித்திரையிலும், ரூபவாஹினி 1982 மாசியிலும் தொடங்கின. ரூபவாஹினி நிலையம் யப்பானின் நன்கொடை. யப்பானியர் தம் நாட்டிற் கொண்டிருந்தது அமெரிக்கரின் 525 வரி முறை. நமக்கு அமைத்துத் தந்தது 625 வரிப் பால் முறை. கொடுப்பவர் தம் அளவில் தையாது, கொள்பவர் அளவுக்குத் தைத்த சட்டை அது. இந்தியாவும் 625 வரிகளையே கொண்டிருந்தமையால், வடபகுதியார் நெடுங்கம்பத்தில் அன்ரனாவைத் திருப்பித் திருப்பித் தூரதர்சனையும் அதே பெட்டியிற் கண்டனர். நம் வன்னியில் கொக்காவிலில் நின்ற அஞ்சல் நிலையம் 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. 2011 இல் அங்கு புதிய கோபுரம் எழுந்தது.

குரல் தடித்ததன் காரணம் என்னவெனில், அமெரிக்க முறையில் நாடா வினாடிக்கு ஏறத்தாழ 33 மில்லிமீற்றர் ஓடும். நம் முறையில் ஏறத்தாழ 23. விரைந்து பதிந்ததை எம் டெக் மெல்ல ஓட்டிற்று. யாம் ஓடிச் சென்று இதனை அன்னையாரிடம் விளக்கினோம். “நாடா மெல்ல ஓடினால் ஆளின்ரை குரல் மாறுமோ?” என்று எம்மை இரக்கத்தோடு பார்த்தார். பயிற்றப்பட்ட ஆசிரியராவதற்கு முன்னரே யாம் தோற்ற முதற் பாடம் அது. ஈற்றில் தொலைபேசிக் கடையொன்றில் முறை காத்திருந்து, தமையனாரைப் பேசவைத்தோம். அவர் சிரித்த பின்னரே அன்னையார் அன்று சோறுண்டார்.

நாடா கொழும்புக்குச் சென்று பால் முறைக்கு மாற்றப்பட்டு வர ஏறக்குறைய மூன்று திங்கள் ஆயின. அறுபதை ஐம்பதாக்கியதனால் அசைவுகள் சிறிது விக்கின. அன்னையாருக்கு அது பொருட்டன்று. தாலி கட்டும் இடத்தை நான்கு தரம் போடச் செய்து பார்த்துவிட்டு, “மெலிஞ்சு போனான்” என்று மட்டும் சொன்னார். 2009 இன் இடப்பெயர்வில் இரு நாடாக்களும் போயின. தமையனாரிடம் படி ஒன்று இருந்தது. அஃது இன்று அன்னையாரின் கைப்பேசியில் உள்ளது. அதில் 625 உம் இல்லை, 525 உம் இல்லை.

இப்போதும் ரொரன்ரோவிலிருந்து அழைப்பு வந்தால், அன்னையார் உடனே பேசுவதில்லை. கைப்பேசியைக் காதோடு சேர்த்துச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டுத்தான், “சொல்லு ராசா” என்பார்.