உறுதிக் காணியில் எங்கட வீடு

போன கிழமை கிளிநொச்சியில் கால் ஏக்கர் காணியோடு ஒரு வீடு வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் உறுதி எழுதி வாங்கிய முதல் வீடு இதுதான். அம்மா உறுதியைச் சாமிப்படத்தடியில் வைத்துவிட்டு அழுதா. 2009இல் போர் முடிந்த பிறகு முகாமால் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்து, இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாயில் வீடு கட்டி எழுப்பியவ. அந்த வீடு நின்றது, அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த பெர்மிற் காணியில்; உறுதி இல்லை.

வன்னியில் வீடு தேடுபவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். இரணைமடுக் குளத்தை நம்பி உருவான குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெர்மிற் காணியை எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி, முழுக் காசையும் கொடுத்துவிட்டுக் குடியிருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அப்படியான காணிக்கு வங்கி கடன் தராது. பெர்மிற்காரர் இறந்தால் அவருடைய பின்னுரித்தாளர் வாசலில் வந்து நிற்பார். பிள்ளைகளோடு அந்த வயிற்றெரிச்சலைப் பார்க்க முடியாது.

வெளிநாட்டில் உழைத்துக் காசு அனுப்பும் சகோதரங்களே, முற்பணம் கொடுக்கமுன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் தோம்பு பாருங்கள். நொத்தாரிசு எழுதாத எதற்கும் காசு கொடுக்காதேங்கோ.